பர் (ஆஃபலி, அயர்லாந்து): கோட்டையைத் தவிர ஊரில் என்ன இருக்கிறது?

#1 கூடல்நகர்

வணக்கம். மனைவிக்கு ஆஃபலி மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. குடியிருக்கப் போவது பிர் என்கிற சின்ன ஊரில். இப்போது டப்ளினில் இருக்கிறோம், ஒன்பது வயதில் ஒரு பையன். அந்த ஊரைப் பற்றித் தேடினால் கோட்டை, தொலைநோக்கி, மறுபடி கோட்டை என்றுதான் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்க்க அது போதும். மீதி 364 நாளுக்கு என்ன? கடை, பள்ளிக்கூடம், டாக்டர், பையன் விளையாட இடம் எல்லாம் எப்படி? வரலாறு தெரிந்தவர்கள் அதையும் சொல்லலாம், எனக்குப் பிடிக்கும். ஆனால் சுற்றுலாப் பலகையில் எழுதியிருப்பதைத் திருப்பிச் சொல்லாதீர்கள்.

#2 சதுப்புநிலம்

முதலில் பெயரைச் சரி செய்துவிடுவோம். எழுத்தைப் பார்த்து 'பிர்' என்று சொன்னால் பேருந்து ஓட்டுநர் முழிப்பார். ஊர்க்காரர்கள் சொல்வது 'பர்'. ஐரிஷில் பியரா, நீர் நிறைந்த இடம் என்று பொருள் சொல்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். கேம்கர், லிட்டில் பிராஸ்னா என்று இரண்டு ஆறுகள் சேருகிற இடம், அது போதாதென்று வானமும் பங்குக்கு ஊற்றும்.

நான் இந்தப் பக்கம் வந்து 11 வருஷம் ஆகிறது. கடைக்குக் கவலை வேண்டாம், சூப்பர்மார்க்கெட்டுகள் உண்டு. கறிவேப்பிலை, உளுத்தம்பருப்பு எல்லாம் அத்லோனிலோ டப்ளினிலோ வாங்கி ஃப்ரீசரில் அடைத்துக்கொள்ள வேண்டியதுதான். உள்ளரங்க நீச்சல் குளம் இருக்கிறது. தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன, ஐரிஷ் வழியில் நடக்கிற பள்ளி உட்பட. உயர்நிலைக்கு செயின்ட் பிரெண்டன்ஸ் சமுதாயப் பள்ளி. அவசரம் என்றால் துல்லமோர் மருத்துவமனை, காரில் அரை மணிக்கு மேல் ஆகும்.

டாக்டர்தான் தலைவலி. நாங்கள் வந்த புதிதில் ஒரு மருத்துவரிடம் பெயர் பதியப் போனபோது "புது ஆட்களைச் சேர்ப்பதில்லை" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். மூன்று மாதம் அலைந்தோம். ஆகவே வீடு பார்ப்பதற்கு முன்னாலேயே டாக்டருக்குத் தொலைபேசி போடுங்கள். வீடும் லேசில் கிடைக்காது, அது நாடு முழுக்க இருக்கிற கதை.

ரயில் கிடையாது. பக்கத்து ஸ்டேஷன் ராஸ்க்ரே, சுமார் 20 கிலோமீட்டர். டப்ளினுக்குப் பேருந்து உண்டு. உங்கள் இரண்டு பேரில் ஒருவருக்காவது கார் ஓட்டத் தெரியாவிட்டால் இந்த ஊர் உங்களைக் கட்டிப்போட்டுவிடும்.

நூலகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பழைய கன்னிமாடம். கருணை சகோதரிகள் சபையை நிறுவிய கேத்தரின் மெக்காலேயே 1840 டிசம்பரில் நேரில் வந்து தொடங்கிய மடம். அதற்கு முந்தைய பதினைந்து வருஷம் ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. மைக்கேல் கிராட்டி என்ற பாதிரியாருக்கும் மேலிடத்துக்கும் சண்டை, கோயில் யாருக்கு என்று ஆரம்பித்து, அடக்க ராணுவம் வருகிற அளவுக்குப் போய்விட்டது. அந்தப் புண்ணை ஆற்றத்தான் கன்னியர்களை அழைத்தார்கள். இன்றைக்கு அதே கட்டடத்தில் உங்கள் பையன் காமிக்ஸ் எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்காரலாம். காசு கிடையாது, நாள் தாண்டிக் கொடுத்தால் அபராதமும் கிடையாது.

#3 விண்மீன்பித்து

கோட்டையைப் பற்றிப் பேசாதே என்கிறீர்கள், ஆனாலும் தொலைநோக்கியை விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கால்வேயிலிருந்து நான்கு தடவை போயிருக்கிறேன், அதிகமில்லை!

ஊரின் நிலப்பிரபு, மூன்றாம் ராஸ் பிரபு வில்லியம் பார்சன்ஸ், 1845இல் கட்டி முடித்தது. ஆடி 6 அடி குறுக்களவு, சுமார் மூன்று டன் எடை. 1917இல் அமெரிக்காவில் மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கி வரும்வரை உலகத்திலேயே பெரியது இதுதான். கண்ணாடி ஆடி என்று நினைக்காதீர்கள். செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம், நம் கோயில் மணி வார்ப்பதற்கு உறவுமுறை. ஆனால் இதில் வெள்ளீயம் அதிகம், அதனால் நன்றாகப் பளபளக்கும், தட்டினால் உடையும். உருக்க எரித்தது நிலக்கரி அல்ல, சுற்றுவட்டாரத்துச் சதுப்பில் வெட்டிய கரி. வார்த்த வட்டை உடனே ஆறவிட்டால் வெடித்துவிடும் என்று சூளைக்குள் வைத்து வாரக்கணக்கில் மெதுவாக ஆறவிட்டார்கள். அப்படியும் ஐந்து வார்ப்பில் இரண்டுதான் தேறியது.

குழாய் ஐம்பது அடிக்கு மேல் நீளம். திறப்பு விழாவில் பீகாக் என்ற தேவாலயத் தலைவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அதற்குள் நடந்து காட்டினார் என்று சொல்வார்கள். இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே தொங்குவதால் எல்லாப் பக்கமும் திருப்ப முடியாது. வடக்கு தெற்காக ஏற்றி இறக்கலாம், கிழக்கு மேற்கில் கொஞ்சம்தான். ஒரு விண்மீன் அந்த இடைவெளியைக் கடக்கிற ஒரு மணி நேரத்துக்குள் பார்த்து, வரைந்து முடிக்க வேண்டும், அதுவும் மேகம் விட்டால். 1845 ஏப்ரலில் எம்51 என்ற மங்கலான ஒளித்திட்டைப் பார்த்து, அது சுருள் வடிவம் என்று முதன்முதலில் வரைந்தவர் அந்தப் பிரபுதான். அது நம் பால்வீதிக்கு வெளியே 2 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிற இன்னொரு நட்சத்திரத் திரள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் வானியல்காரர்கள் சொல்கிற என்ஜிசி என்ற விண்பொருள் பட்டியலைத் தொகுத்த டிரையர், இளவயதில் நான்கு வருஷம் இங்கேதான் உதவியாளராக இருந்தார்.

இப்போது அதே தோட்டத்தில் 2017 முதல் ஐ-லோஃபார் என்கிற வானொலித் தொலைநோக்கி நிற்கிறது. நெதர்லாந்தை மையமாகக் கொண்ட ஐரோப்பிய வலைப்பின்னலின் அயர்லாந்து நிலையம். பார்க்க ஒன்றும் இருக்காது, புல்வெளியில் பெட்டிகளும் கம்பிகளும்தான். ஆனால் இதற்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. பெரிய பிரபு இருந்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

#4 கல்வெட்டுக்காரர்

அருமை. ஆனால் 1845 என்ற வருஷத்தை இவ்வளவு எளிதாகக் கடந்துவிட்டீர்களே. அந்த இலையுதிர் காலத்தில்தான் உருளைக்கிழங்கில் கருகல் நோய் வந்து பெரும்பஞ்சம் ஆரம்பித்தது. ஊரில் 1842இல் திறந்த ஏழைகள் காப்பகம், அதாவது வேலை வாங்கிக்கொண்டு கஞ்சி ஊற்றுகிற இடம், நிரம்பி வழிந்த காலம் அது. கணவன், மனைவி, பிள்ளைகள் என்று வாசலிலேயே பிரித்துவிடுவார்கள். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது, ஆனால் அஞ்சலட்டையில் அது வராது.

அப்புறம் ஊருக்கே 'பார்சன்ஸ்டவுன்' என்று தங்கள் குடும்பப் பெயரை வைத்தார்கள். மாவட்டத்துக்கு 'ராஜாவின் மாவட்டம்' என்று பெயர். 1620இல் லாரன்ஸ் பார்சன்ஸுக்குக் கிடைத்த இந்த நிலம் அதற்கு முன்னால் ஓ'கேரல் குலத்தாருடையது. குடியேற்றம் என்று நாகரிகமாகச் சொல்வதன் பொருள், இருந்தவனை எழுப்பிவிட்டு வந்தவனை உட்காரவைப்பது. சந்தை நடத்தும் உரிமை, தெருவில் குப்பை கொட்டினால் அபராதம், எல்லாம் அவர் வைத்த சட்டம். ஒரு சந்தை ஊர் அப்படித்தான் பிறந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊருக்கு 1620இல்தான் பிறந்தநாள் என்று நம்பிவிடாதீர்கள்.

அதற்கு 900 வருஷம் முந்தியே பர் பெரிய இடம். 697இல் ஸ்காட்லாந்துப் பக்கத்துத் தீவான அயோனாவின் மடத்தலைவர் அதோம்னான் இங்கே ஒரு பேரவை கூட்டினார். போரில் பெண்களையும் குழந்தைகளையும் குருமார்களையும் கொல்லக் கூடாது என்று ஒரு சட்டம், அதற்கு மன்னர்களும் ஆயர்களும் சேர்ந்து 91 பேர் ஜாமீன். அப்பாவிகளின் சட்டம் என்றே அதற்குப் பெயர். மீறினால் தண்டம் எவ்வளவு என்பது வரை எழுதியிருக்கிறது. நூறு வருஷம் கழித்து இதே ஊர் மடத்தின் தலைவர் மேக் ரெகோல் கையால் எழுதிய நற்செய்தி ஏடு இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் யாரோ இரண்டு குருமார்கள் அதன் வரிகளுக்கு மேலே பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதி வைத்துவிட்டார்கள். நம் ஊர் ஏட்டுச்சுவடியில் ஓரத்தில் உரை எழுதுவார்களே, அந்த மாதிரி.

ஊருக்கு வெளியே கிரிங்கிலில் பெரிய பட்டாளக் குடியிருப்பு இருந்தது. லென்ஸ்டர் ரெஜிமென்டின் தலைமையிடம். இது நம் பக்கத்துக் கதையிலும் வருகிறது. 1921இல் அன்றைய மதராஸ் மாகாணத்தின் மலபாரில் மாப்பிளா கிளர்ச்சியை அடக்க இறக்கிவிட்ட வெள்ளைக்காரப் பட்டாளங்களில் இந்த லென்ஸ்டரும் ஒன்று. தங்கள் ஊரில் விடுதலைப் போர் அப்போதுதான் போர்நிறுத்தத்துக்கு வந்திருக்க, இன்னொரு நாட்டில் கிளர்ச்சியை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷமே ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது, 1922 ஜூலையில் உள்நாட்டுப் போரில் குடியிருப்பும் எரிந்தது. இப்போது மதில்தான் மிச்சம்.

#5 விண்மீன்பித்து

ஐயா, நிலம் யாருடையது என்பதில் நான் வாதாடவில்லை. ஆனால் ஒரு விஷயம். அந்த ஆடியை வார்த்தது லண்டனிலிருந்து வந்த கம்பெனி இல்லை. பிரபு பட்டறை போட்டு, பண்ணையில் இருந்த கொல்லர்களையும் தச்சர்களையும் பழக்கி, அவர்களை வைத்தே செய்தார். பஞ்சம் வந்ததும் தொலைநோக்கியை மூடிவைத்துவிட்டு நிவாரண வேலைக்குப் போனார். கோட்டையைச் சுற்றியிருக்கிற அகழியும் சுவரும் அப்போது கூலி கொடுப்பதற்கென்றே நூற்றுக்கணக்கானவர்களை வைத்துக் கட்டியதுதான்.

#6 கல்வெட்டுக்காரர்

பசித்தவனுக்குக் கூலி கொடுக்க உங்கள் வீட்டுக்கே சுவர் கட்டிக்கொள்வது. இதையும் தர்மக் கணக்கில் எழுதலாம்தான்.

#7 விண்மீன்பித்து

மற்ற நிலப்பிரபுக்கள் அதைக்கூடச் செய்யவில்லையே! வீட்டைக் காலி செய்யவைத்துக் கூரையைப் பிடுங்கியவர்களையும் இவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

#8 நெறியாளர்

கேள்வி கேட்டவர் வீடு மாறப் போகிறார். பஞ்சத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள்.

#9 மட்டைவீச்சு

பையன் விளையாட இடம் கேட்டாரே, யாரும் பதில் சொல்லவில்லை. லிமெரிக்கிலிருந்து சொல்கிறேன், மனசு வலிக்கத்தான் செய்கிறது: பர் என்றால் ஹர்லிங்.

முதல் அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதி ஆட்டம் நடந்ததே இந்த ஊர் மைதானத்தில்தான். 1887க்கான போட்டி, இழுத்து இழுத்து 1888 ஏப்ரல் 1இல் நடந்தது. டிப்பரரிக்காகத் தர்லெஸ், கால்வேக்காக மீலிக், பக்கத்துக்கு 21 பேர். டிப்பரரி ஜெயித்தது. பர் கிளப் அகில அயர்லாந்து கிளப் கோப்பையை 1995, 1998, 2002, 2003 என்று நான்கு தடவை எடுத்திருக்கிறது. ஐயாயிரம் பேருக்குள் இருக்கிற ஊர்! ஆஃபலி மாவட்ட அணியும் மாவட்டங்களுக்கான அகில அயர்லாந்து பட்டத்தை 1981, 1985, 1994, 1998 என நான்கு தடவை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஆஷ் மரத்தில் செய்த மட்டை, முனை அகலமாக இருக்கும். தோல் பந்து. அதைத் தரையிலும் அடிக்கலாம், காற்றிலும் அடிக்கலாம், மட்டை நுனியில் நிறுத்திக்கொண்டு ஓடவும் செய்யலாம். ஹாக்கியும் கில்லியும் சண்டை போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. பயப்படாதீர்கள், 2010 முதல் எல்லா வயதுக்கும் முகக்கம்பி வைத்த ஹெல்மெட் கட்டாயம்.

ஒன்பது வயசு என்றால் கிளப்பில் சேர்த்துவிடுங்கள். பயிற்சியாளர்கள் எல்லாம் சம்பளம் வாங்காத அப்பா அம்மாக்கள். நீங்கள் மழையில் கோட்டுக்கு வெளியே நின்று தண்ணீர் பாட்டில் தூக்கினால் போதும், ஒரே பருவத்தில் ஊரில் பாதிப் பேர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். டப்ளினில் ஐந்து வருஷம் இருந்தாலும் இது நடக்காது.

#10 சதுப்புநிலம்

மட்டைவீச்சு தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு. என் பையன் அப்படித்தான் தேறினான். இப்போது அவன் பேசுகிற ஆஃபலி இழுப்பு எனக்கே பாதி புரிவதில்லை.

ரயில் இல்லை என்றேன், அதில் ஒரு கதை விட்டுப்போச்சு. ராஸ்க்ரேயிலிருந்து ஒரு கிளைப்பாதை இருந்தது, 1963இல் பயணிகள் வண்டியை நிறுத்தினார்கள். அதுவாவது ஒழுங்காகச் செத்தது. 1868இல் இங்கிருந்து ஷானன் ஆற்றங்கரையில் போர்டும்னா பாலம் வரை 19 கிலோமீட்டருக்கு இன்னொரு பாதை போட்டார்கள். வருமானம் இல்லை. பத்து வருஷத்தில் கம்பெனி கைகழுவிவிட்டது. பாதையை யார் பார்த்துக்கொள்வது என்று மேலே கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தபோது கீழே ஜனங்கள் தண்டவாளம், கட்டை, ஸ்டேஷன் கல் என்று ஒன்று விடாமல் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் ஒரு இரும்புப் பாலமே காணாமல் போயிற்றாம். 'திருடிய ரயில்பாதை' என்றுதான் இன்றும் பெயர். எந்தத் தோட்டத்துக் கேட்டைப் பார்த்தாலும் இதன் கம்பி எங்கிருந்து வந்ததோ என்று எனக்கு ஒரு யோசனை ஓடும்.

சாலை விபத்திலும் இந்த ஊர் வரலாற்றில் இருக்கிறது. மேரி வார்ட், ராஸ் பிரபுவின் உறவுக்காரர். நுண்ணோக்கியில் பார்த்ததைத் தானே வரைந்து 1857இல் இந்த ஊரிலேயே அச்சிட்டார், மொத்தம் 250 பிரதி. 1869 ஆகஸ்ட் 31இல் பார்சன்ஸ் பையன்கள் செய்த நீராவி வண்டியில் போகும்போது திருப்பத்தில் தூக்கி எறியப்பட்டு, சக்கரத்தில் சிக்கி இறந்தார். மோட்டார் வண்டி விபத்தில் உயிரிழந்த முதல் ஆள் என்று பதிவு. வண்டியில் இருந்த பையன்களில் ஒருவர் சார்லஸ். அவர்தான் பின்னால் 1884இல் நீராவி டர்பைன் கண்டுபிடித்தவர், இன்றும் அனல்மின் நிலையங்களில் சுற்றுவது அதன் வாரிசுதான். அந்தத் திருப்பத்தில் நான் தினமும் கியரை இறக்குகிறேன். அங்கே ஒரு வேகத்தடை போட்டால் தேவலை.

#11 கூடல்நகர்

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம், சந்தை ஊர் என்கிறீர்களே, இன்றைக்கும் சந்தை கூடுகிறதா? நாங்கள் மதுரைக்காரர்கள், சந்தை என்றால் மாடு, கூட்டம், சத்தம் என்று மனசுக்குள் ஒரு படம் வருகிறது.

#12 கல்வெட்டுக்காரர்

அந்தப் படம் 1950கள் வரை சரியாக இருந்திருக்கும். அயர்லாந்து முழுக்கவே மாட்டுச் சந்தை தெருவில்தான் நடந்தது. சந்தை நாளுக்கு முன்னால் கடைக்காரர்கள் ஜன்னலுக்குப் பலகை அடித்துவிடுவார்கள், மாடு முட்டிக் கண்ணாடி போய்விடும் என்று. கையில் எச்சில் துப்பி அறைந்தால் பேரம் முடிந்தது. பிறகு வேலி போட்ட ஏலக் கொட்டகைகள் வந்தன, ஊருக்கு வெளியே போய்விட்டது. இப்போது 'மார்க்கெட் ஸ்கொயர்' என்ற பெயரில்தான் சந்தை இருக்கிறது. அங்கே நடுவில் 1867இல் மான்செஸ்டரில் தூக்கிலிடப்பட்ட மூன்று ஃபீனியன்களுக்கு, அதாவது ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த ஐரிஷ் புரட்சிக்காரர்களுக்கு, ஒரு நினைவுச் சின்னம் நிற்கும். கோட்டை வாசலிலிருந்து நடந்து போகிற தூரம்தான், ஆனால் வேறு ஊர் மாதிரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எம்மெட் சதுக்கத்துக்குப் போங்கள். அங்கே இருக்கிற தூணின் மேலே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

#13 கூடல்நகர்

போய்விட்டு வந்தோம்! சனிக்கிழமை. வீடு ஒன்று பார்த்தோம், கிட்டத்தட்ட முடிவான மாதிரி. டாக்டரும் சரி என்றுவிட்டார், சதுப்புநிலம் அக்காவுக்குக் கோடி நன்றி.

ஆக்ஸ்மன்டவுன் மால் தெருவில் நடந்தோம். இரண்டு பக்கமும் மரம், ஒரே உயரத்தில் வீடுகள், ஒவ்வொரு வாசல் கதவுக்கும் மேலே விசிறி விரித்த மாதிரி கண்ணாடி. அடுத்தடுத்து எட்டு கதவு பார்த்தேன், எட்டும் எட்டு நிறம். ஒரு முனையில் கோட்டை வாசல், மறுமுனையில் பிராட்டஸ்டன்ட் தேவாலயம். பிரபு வீட்டிலிருந்து கோயிலுக்குப் போக நேராகத் தெரு போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. நடுவில் 1880களில் கட்டிய மண்டபம், இப்போது நாடக அரங்கம்.

எம்மெட் சதுக்கத்தில் உயரமான கல்தூண். பையன் தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பா, மேலே ஆளைக் காணோம்" என்றான். நிஜமாகவே யாரும் இல்லை. தூண் மட்டும் இருக்கிறது.

தொலைநோக்கியும் பார்த்தோம். சுவர் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எந்தப் படத்திலும் தெரியவில்லை. வானத்தில் ஒரு பொட்டு நீலம் இல்லை.

#14 கல்வெட்டுக்காரர்

தூணில் நின்றவர் கம்பர்லாந்து பிரபு. 1746இல் ஸ்காட்லாந்தில் கலோடன் போரில் தோற்றவர்களை வெட்டிக் குவித்து 'கசாப்புக்காரர்' என்று பெயர் வாங்கியவர். அடுத்த வருஷமே இங்கே தூண் எழுப்பினார்கள். சதுக்கத்துக்கே டியூக் சதுக்கம் என்று பெயர். 1915இல் சிலையை இறக்கிவிட்டார்கள். ஆபத்தான நிலையில் இருந்தது என்பது ஒரு கணக்கு, கிரிங்கிலில் இருந்த ஸ்காட்லாந்து சிப்பாய்களுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பது ஊர்ப்பேச்சு. 1803இல் தூக்கிலிடப்பட்ட ஐரிஷ் கிளர்ச்சித் தலைவர் ராபர்ட் எம்மெட்டின் பெயர் பின்னால் வந்தது. பெயரை மாற்றியவர்கள் தூணின் மேல் எம்மெட்டை ஏற்றவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

#15 விண்மீன்பித்து

மேகத்துக்கு வருத்தம் வேண்டாம். குளிர்காலத்தில் ஊரை விட்டுப் பத்து நிமிஷம் ஸ்லீவ் புளூம் மலைப் பக்கம் காரை ஓட்டுங்கள், நல்ல இருட்டு. எம்51ஐ ஒரு சாதாரண பைனாகுலரில் மங்கலான பொட்டாகப் பார்க்கலாம். சுருள் தெரியாது. அதற்குப் பெரிய ஆடி வேண்டும்.

#16 சதுப்புநிலம்

கூடல்நகர் தம்பி, சாவி எப்போது வாங்குகிறீர்கள் என்று சொல்லுங்கள், ஒரு வேளை சாப்பாடு நம் வீட்டில். என் பையனுக்குச் சின்னதாகிப் போன ஹெல்மெட் ஒன்று மாடத்தில் தூங்குகிறது, முகக்கம்பி கொஞ்சம் கீறல், மற்றபடி நன்றாக இருக்கிறது. தலைச் சுற்றளவு மட்டும் அளந்து அனுப்புங்கள். மட்டை புதிதாக வாங்குங்கள், அது அவன் உயரத்துக்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும். அப்புறம், வரும்போது டப்ளினிலிருந்து கொஞ்சம் கறிவேப்பிலை.